எதைப் பங்கிடுவது?

கொழும்பிலிருந்து களனி கங்கையைக் கடந்து வடகரை சேர்ந்தவுடன் எதிர்ப்படுகிற பேலியகொடையில், ஊர் உறங்கும் வேளையில் விழித்திருக்கிற இரண்டு சந்தைகள் இருக்கின்றன. ஒன்று, புறக்கோட்டையில் சென் ஜோன்ஸ் சந்தை என்ற பெயரில் நெடுங்காலம் நடந்து 2011இல் இவ்விடம் பெயர்ந்த மத்திய மீன் சந்தை. மற்றது, அதே புறக்கோட்டையிலிருந்து 2020இன் இறுதியில் வந்து சேர்ந்த மெனிங் மரக்கறிச் சந்தை. அவ்வாண்டு ஒக்டோபரில் கொரோனாத் தொற்று மீன் சந்தையிலே பரவியபோது பேலியகொடையின் பெயர் நாடு முழுவதும் அடிபட்டது. அதுவரை கறிச்சட்டியில் மட்டும் இவ்வூரை அறிந்திருந்தவர்கள் பத்திரிகையிலும் அறிந்துகொண்டார்கள். ஆனால் அங்கே இரவுதோறும் நடைபெறுகிற ஒரு காரியத்தை, கணித சாஸ்திரத்தின் மிகப் பழைய காரியங்களில் ஒன்றென்று சொல்லத்தக்க அதை, பள்ளிக்கூடத்தோடு சேர்த்து நினைத்துப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. நான் சொல்வது பங்கீட்டை.

ஏலம் முடிந்த இடத்தில் ஒரு துண்டு எழுதப்படுகிறது. ஐஸ் நீர் பட்டு ஓரம் நைந்த அந்தத் துண்டின் மேற்பகுதியில் மீனின் பெயர், நிறை, கிலோவின் விலை, பெருக்கி வந்த தொகை. அதன் கீழே ஒரு கோடு. கோட்டின் கீழே கொமிஷன், லொறிக் கூலி, சுமை தூக்கும் நாட்டாமைக் கூலி, முன்னமே வாங்கிய முற்பணத்தில் ஒரு பகுதி என்று கழிவுகள் வரிசையாக இறங்கிவந்து, எல்லாம் போக மிஞ்சியது மறுபடியும் ஒரு கோட்டுக்குக் கீழே வந்து நிற்கும். நீர்கொழும்புக்கோ சிலாபத்துக்கோ பேருவளைக்கோ அந்தத் துண்டு திரும்பிப் போய்ச் சேர்ந்த பின்புதான் படகுக்காரருக்கு இவ்வளவு, ஓட்டிக்கு இவ்வளவு, கடலுக்குப் போன மற்றவர்களுக்கு இவ்வளவு என்ற பேச்சே ஆரம்பமாகிறது. இரண்டு கோடுகளுக்கும் இடையே உள்ள அந்தச் சிறிய இடத்தைப் பற்றித்தான் நம் பாடசாலைகள் பிள்ளைகளுக்கு ஒன்றும் சொல்லிக்கொடுப்பதில்லை என்பது என் முறைப்பாடு.

நாம் படித்த கணக்கு எப்படிப்பட்டது? 12,000 ரூபாவை மூவருக்கு 3:4:5 என்ற விகிதத்திற் பங்கிடுக என்று கேட்பார்கள். மூன்றும் நான்கும் ஐந்தும் பன்னிரண்டு. ஒரு பங்கு ஆயிரம். ஆகவே மூவாயிரம், நாலாயிரம், ஐயாயிரம். கணக்கில் குற்றமில்லை. முழுமையை ஒத்த சிறு கூறுகளாக்கி, அக்கூறுகளை எண்ணிக் கொடுக்கிற அந்த யுக்தி எளியது, அழகியது, எந்நாளும் உபயோகமாவது. ஆயினும் இக்கணக்கு, உலகத்தில் பங்காளிகள் மனம் முறிந்து போவதற்குக் காரணமான விஷயங்கள் யாவும் சுமுகமாகத் தீர்ந்துபோய், பணமும் மேசைமேல் வைக்கப்பட்டு, விகிதமும் எழுதிக் கையொப்பமிடப்பட்ட பிறகு, கடைசியில் மிஞ்சுகிற ஒரு குமாஸ்தாவின் வேலையையே நம்மிடம் ஒப்படைக்கிறது. 12,000 என்ற தொகை எங்கிருந்து வந்தது, அது கழிவுக்கு முந்தியதா பிந்தியதா, 3:4:5 என்று நிச்சயித்தவர் யார், எந்த நியாயத்தைக் கொண்டு நிச்சயித்தார் என்ற வினாக்களுக்கு அங்கே இடமே இல்லை.

ஆழ்கடலுக்குப் பல நாட்கள் சென்று மீளும் படகுகளில், துறைமுகத்துக்குத் துறைமுகம் வழக்கம் சிறிது மாறினாலும், பெரும்பாலும் அனுசரிக்கப்படுகிற முறை இது: மீன் விற்ற பணத்திலிருந்து டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான், இரை ஆகியவற்றின் செலவை முதலிற் கழிப்பது, மிகுதியைப் படகுக்காரருக்குப் பாதி, கடலுக்குப் போனவர்களுக்குப் பாதி என்று பிரிப்பது, தொழிலாளரின் பாதியில் ஓட்டிக்கு ஒரு பங்கு கூடுதலாக வைப்பது. கணக்கின் பொருட்டு ஒரு பிரயாணத்தைக் கற்பனை செய்வோம். மீன் 30 இலட்சம் ரூபாவுக்கு விற்றது. ஐஸ் முதலிய செலவு 6 இலட்சம். டீசல் 3,000 லீற்றர். ஓட்டிக்கு இரண்டு பங்கு, மற்ற நால்வருக்கும் ஒவ்வொரு பங்கு, ஆக ஆறு பங்கு. பிரயாணம் கற்பனையே தவிர, டீசல் விலை கற்பனையன்று. 2022ஆம் ஆண்டு பிறந்தபோது லீற்றர் 121 ரூபா. அதே ஆண்டு ஜூன் மாத இறுதியில் 460 ரூபா.

ஆண்டின் தொடக்கத்தில் டீசலுக்கு 363,000 ரூபா போயிற்று. எல்லாச் செலவும் போக 2,037,000 மிஞ்ச, தொழிலாளரின் பாதி 1,018,500 ஆகி, ஒரு பங்கு 169,750 ரூபாவாகிறது. ஜூன் இறுதியில் அதே மீன் அதே விலைக்குப் போனதாக வைத்துக்கொண்டால், டீசல் மட்டும் 1,380,000, மிகுதி 1,020,000, தொழிலாளரின் பாதி 510,000, ஒரு பங்கு 85,000. விகிதத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. பாதிக்குப் பாதி என்ற வாக்கு அப்படியே இருக்கிறது. ஓட்டிக்கு இரண்டு, மற்றவருக்கு ஒன்று என்பதும் அப்படியே. ஆனால் கடலில் வலை இழுத்தவன் வீட்டுக்குக் கொண்டுபோன பணம் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. உண்மையில் அக்காலத்தில் மீன் விலையும் ஏறத்தான் செய்தது என்று வாசகர் சொல்லலாம், சொல்லட்டும். எந்த ஏற்றம் எதை எவ்வளவு ஈடுசெய்தது என்பதையும் இதே துண்டிலிருந்துதான் கண்டறிய வேண்டும்.

இனி ஒப்பந்தத்தை மட்டும் மாற்றிப் பார்ப்போம். செலவு முழுவதும் படகுக்காரருடையது, விற்ற மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு தொழிலாளருக்கு என்று பேசியிருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டின் தொடக்கத்தில் இரண்டு ஒப்பந்தங்களுக்கும் வேற்றுமை காண்பதே அரிது. முதல் முறையில் 1,018,500 பெற்ற தொழிலாளர் இந்த முறையில் 1,000,000 பெறுகிறார்கள். படகுக்காரர் 20 இலட்சத்தில் 963,000 செலவு போக 1,037,000 பெறுகிறார். பாதிக்குப் பாதி என்றாலும் மூன்றில் ஒன்று என்றாலும் ஒன்றுதானே என்று இருவரும் வெற்றிலை மென்றுகொண்டே சம்மதித்திருப்பார்கள். ஜூன் மாதம் வந்தபோது தொழிலாளரின் பத்து இலட்சம் அசையாமல் நிற்க, படகுக்காரரின் 20 இலட்சத்தில் 1,980,000 செலவுக்கே போய், அவர் கையில் எஞ்சியது 20,000 ரூபா. படகின் தேய்மானத்துக்கும் வங்கிக் கடனுக்கும் அந்த இருபதினாயிரமே ஆதாரம். அடுத்த பிரயாணத்துக்கு அவர் படகை அவிழ்ப்பாரா என்பது சந்தேகம்.

ஆகவே ஒப்பந்தத்தின் உயிர் விகிதத்தில் இல்லை. எதைக் கழித்துவிட்டு விகிதத்தைப் பிரயோகிக்கிறோம் என்பதிலேயே இருக்கிறது. கழித்தபின் வகுத்தால் விலையேற்றத்தை இருவரும் சமமாகச் சுமக்கிறார்கள். வகுத்தபின் கழித்தால் ஒருவரே சுமக்கிறார். எது நியாயம் என்று கேட்டால், என் அபிப்பிராயம் முதல் முறையின் பக்கமே. ஆனால் நிபந்தனை ஒன்றுண்டு. செலவில் பாதியைச் சுமக்கிறவனுக்குச் செலவுக் கணக்கைப் பார்க்கும் உரிமையும் இருக்க வேண்டும். டீசல் எத்தனை லீற்றர் நிரப்பினார்கள், ஐஸ் எத்தனை வாங்கினார்கள், துண்டில் எழுதிய விலைதான் சந்தையிற் போன விலையா என்று கேட்கிற தொழிலாளியை வாய்க்காரன் என்று அடுத்த முறை கரையில் விட்டுப் போகிற வழக்கம் உள்ள இடத்தில், பாதிக்குப் பாதி என்பது பேச்சளவில் நிற்கும் பாதியே. இந்தச் சங்கிலியில் கொமிஷன்காரரின் நிலை தனியானது. அவருடைய பங்கு முதற் கோட்டுக்கு மேலேயுள்ள மொத்தத் தொகையிலிருந்து நூற்றுக்கு இவ்வளவு என்று எடுக்கப்படுவதால், டீசல் 121 ஆனாலும் 460 ஆனாலும் அவர் பங்கு குறைவதில்லை. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. முற்பணம் கொடுத்து, விலைபோகாத நாளின் தொல்லையையும் ஏற்பவர் அவர். எந்தப் பங்கு எந்த உயரத்திலிருந்து எடுக்கப்படுகிறது என்று பிள்ளைகள் கவனிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

பங்கீட்டுக் கணக்கு நமக்குப் புதிதன்று. பாஸ்கராசாரியர் 1150இல் இயற்றிய லீலாவதியில் 51, 68, 85 என்று முதலிட்ட மூன்று வியாபாரிகளின் கூட்டுப்பணம் 300 ஆகப் பெருகியதைப் பிரிக்கச் சொல்லும் கணக்கு ஒன்றுண்டு. விடை 75, 100, 125. எண்களைத் தெரிந்தெடுத்த நயத்தைக் கவனியுங்கள்: மூன்றும் பதினேழின் மடங்குகள், ஆகவே 3:4:5. தமிழிலோ, காரி நாயனாரின் கணக்கதிகாரமும் திண்ணைப் பள்ளிக்கூடங்களின் எண்சுவடியும் இருந்தன; முந்நூற்றிருபதில் ஒரு பங்கான முந்திரியையும் எண்பதில் ஒன்றான காணியையும் இருபதில் ஒன்றான மாவையும் பிள்ளைகள் பாடமாக ஒப்பித்தார்கள். நெல்லையும் நிலத்தையும் பங்கிடுகிற சமுதாயத்துக்கு அந்தச் சிறு பின்னங்கள் அவசியமாயிருந்தன.

முதலிட்ட தொகையோடு காலத்தையும் பெருக்குவது அடுத்த படி. வெள்ளவத்தையில் இருவர் சேர்ந்து ஒரு புடவைக் கடை நடத்துகிறார்கள் என்று கொள்வோம். ஒருவர் ஜனவரியில் 6 இலட்சம் போட்டார். மற்றவர் மே மாதத் தொடக்கத்தில் 9 இலட்சம் போட்டார். ஆண்டு முடிவில் முதல்வரின் பணம் 12 மாதமும் இரண்டாமவரின் பணம் 8 மாதமும் உழைத்திருக்கின்றன. ஆறு பன்னிரண்டு 72. ஒன்பது எட்டும் 72. இலாபம் சரிபாதி என்பது பாடப் புத்தகத்தின் தீர்ப்பு. ஆனால் அந்த ஆண்டு 2022 என்றால்? மார்ச் முதல் வாரம்வரை ஏறத்தாழ 200 ரூபாவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டிவிட்டது. இந்தியாவிலிருந்து சரக்கெடுக்கும் கடைக்கு முதல்வரின் 6 இலட்சம் 3,000 டொலர். இரண்டாமவரின் 9 இலட்சம் 2,500 டொலர். மாதங்களாற் பெருக்கினால் 36,000க்கு 20,000, அதாவது 9:5. சரிபாதியாயிருந்தது இப்போது இருவரும் முகம் பார்க்காமற் போகிற அளவுக்கு மாறிவிட்டது. இரண்டில் எது சரி? ரூபாவிற் போட்டவர்கள் ரூபாவிலேதான் எண்ணவேண்டும் என்று இரண்டாமவர் சொல்வார். நான் போட்ட பணத்தில் வாங்கிய சரக்கல்லவா பின்னர் ஏறிய விலைக்கு விற்றது என்று முதல்வர் சொல்வார். இருவர் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதமாயிருந்த ஓர் ஆண்டில், ஜனவரி ரூபாவும் மே ரூபாவும் ஒரே அலகு என்று எடுத்துக்கொண்டு விகிதம் எழுதுவது, முழத்தையும் கஜத்தையும் கலந்து அளந்த கணக்காகவே முடியும்.

இவர்கள் வழக்காடப் போனால் அங்கே வேறோர் ஆச்சரியம் காத்திருக்கிறது. பங்குடைமை விஷயத்தில் இலங்கையில் வழங்குவது, 1852ஆம் ஆண்டின் ஐந்தாம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் வழியாக வந்து சேர்ந்த ஆங்கிலச் சட்டமே. அந்த ஆங்கிலச் சட்டம் 1890இல் தொகுத்து இயற்றப்பட்டபோது, பங்காளிகளுக்குள் வேறு உடன்பாடு இல்லையாயின் இலாபமும் நஷ்டமும் சமமாகவே பிரியும் என்று விதித்தது. ஒருவர் 9 இலட்சமும் மற்றவர் 3 இலட்சமும் போட்டிருந்தாலும், விகிதத்தைப் பற்றி உடன்படிக்கையில் ஒரு வரி இல்லாவிட்டால், 3:1 அன்று, 1:1. நம் பிள்ளைகள் ஆண்டுக்கணக்காகப் பயின்ற முதலுக்கேற்ற இலாபம் என்ற விதி சட்டத்தின் இயல்பான அனுமானமே அன்று! அது மட்டுமன்று, 1840ஆம் ஆண்டின் ஏழாம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, இட்ட முதல் ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட பங்குடைமை எழுத்தில் இருந்தாக வேண்டும். ஆயிரம் ரூபாவுக்கு இன்று ஒரு நல்ல மீன் வாங்குவதும் சிரமம். ஆகையால் இன்றைக்கு ஏற்படுகிற எந்தக் கூட்டும் எழுத்திலிருந்து தப்ப முடியாது. அப்படியிருந்தும் உறவுக்காரருக்குள் என்ன எழுத்து என்று சொல்லித் தொடங்குகிற கடைகள் கொட்டாஞ்சேனையிலும் உண்டு, வெள்ளவத்தையிலும் உண்டு. மச்சான் மச்சானை நம்புவது உத்தமமான காரியந்தான். ஆனால் மச்சான் இறந்தபின் அவர் பிள்ளைகளோடு பேசவேண்டி வரும்.

எதை முதலிற் கழிப்பது என்று நிச்சயித்து எழுதிவைக்கும் விஷயத்தில் பழைய வணிகர்கள் நம்மிலும் விவேகிகளாயிருந்தார்கள் என்று தோன்றுகிறது. கொழும்புச் செட்டியார் தெருவில் வட்டிக்கடை நடத்திய நகரத்தார், கோயிலுக்கும் தருமத்துக்கும் உரிய மகமையைத் தமக்குள் பங்கிடுவதற்கு முந்தியே தனிக்கணக்கில் எழுதிவைத்தார்கள். பங்கிட்ட பிறகு அவரவர் விருப்பம்போற் கொடுக்கலாம் என்று விட்டிருந்தால், ஆடிவேல் விழாவின் இரதம் அத்தெருவிலிருந்து காலி வீதி வழியே புறப்பட்டிருக்குமா என்பது ஐயமே. கழிவின் இடம் எதுவென்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள்.

முஸ்லிம் சகோதரர்களின் வாரிசுச் சட்டம் பின்னத்துக்கும் விகிதத்துக்கும் உள்ள வேற்றுமையை எந்தப் பாடப்புத்தகமும் காட்டாத தெளிவோடு காட்டுகிறது. மரணசாசனம் எழுதாமல் இறந்த முஸ்லிம்களின் சொத்து அவரவர் மத்ஹபின் (சட்டப் பிரிவின்) விதிப்படி பிரியவேண்டும் என்பது 1931இன் பத்தாம் இலக்கக் கட்டளைச் சட்டம். பிள்ளைகளும் பெற்றோரும் இல்லாத ஒரு பெண் இறந்து, கணவனும் உடன்பிறந்த இரு சகோதரிகளும் மிஞ்சினால், கணவனுக்கு அரைப்பங்கு, சகோதரிகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. கூட்டிப் பாருங்கள்: ஆறில் மூன்றும் ஆறில் நான்கும் சேர்ந்து ஆறில் ஏழு. முழுமையைவிட உரிமைகள் பெரிதாகிவிட்டன. கலீபா உமர் காலத்தில் இச்சிக்கல் எழுந்தபோது, பின்னங்களைக் கைவிட்டு அவற்றின் விகிதத்தை மட்டும் காப்பாற்றி, சொத்தை ஏழாக வகுத்து 3:4 என்று கொடுத்தார்கள் என்பது மரபு. இதற்கு அவ்ல் என்று பெயர். 21 இலட்சமாயின் கணவனுக்கு 9, சகோதரிகளுக்குத் தலைக்கு 6. யாருடைய பங்கை வெட்டுவது என்ற கலகம் ஒரு வகுத்தலில் அடங்கிப்போயிற்று. ஒன்பதாம் நூற்றாண்டுப் பாக்தாத்தில் இயற்கணிதத்துக்கு அல்ஜிப்ரா என்ற பெயர் தந்த அல்-குவாரிஸ்மி தம் நூலின் ஒரு பெரும் பகுதியை வாரிசுக் கணக்குக்கே ஒதுக்கியதில் வியப்பில்லை.

உயர்தரத்திற் கணக்கீட்டுப் பாடம் எடுக்கிறவர்கள் பங்குடைமைக் கணக்கைப் படிக்கிறார்கள்; முதலுக்கு வட்டி, உழைக்கும் பங்காளிக்குச் சம்பளம், பிறகு இலாபப் பிரிவு என்ற முறையை அறிந்துகொள்கிறார்கள். ஆனால் அப்பாடம் வணிகப் பிரிவினருக்கு மட்டும். சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திவிட்டுப் படகேறுகிற பிள்ளைக்கும், மெனிங் சந்தையில் மூட்டை சுமக்கப் போகிற பிள்ளைக்கும், அண்ணனோடு கடை போடப் போகிற பிள்ளைக்கும் 3:4:5 மாத்திரமே மிச்சம். அவர்களுக்குக் கற்பிக்கும் கணிதத்தில் ஒரு பாடவேளையையாவது, தொகையும் விகிதமும் கொடுக்கப்படாத கணக்குக்கு ஒதுக்கலாகாதா? ஒரு துண்டைக் கொடுத்து, எது பங்கிடத்தக்கது என்று முதலிற் கேட்கலாம். ஒரே விடையில்லாத வினாவுக்கு எப்படிப் புள்ளியிடுவது என்று ஆசிரியர்கள் தயங்குவார்கள். எந்த ஊகத்தின்மேற் கணக்குச் செய்தான் என்பதை மாணவன் எழுதியிருக்கிறானா என்று பார்த்துப் புள்ளியிடலாம்.

மாதிரிக்கு ஒன்று சொல்கிறேன், ஏனெனில் நம் பாடப்புத்தகங்கள் பங்கிடுவது எப்போதும் இலாபத்தையே. ஒரு படகு 12 இலட்சத்துக்கு மீன் கொண்டுவந்தது. செலவு 15 இலட்சம். மூன்று இலட்சம் நஷ்டம். தொழிலாளர்களிடம் கேட்டு வாங்க அவர்களிடம் ஒன்றுமில்லை. ஆகவே அதை அடுத்த பிரயாணத்திற் கழித்துக்கொள்வதாகப் படகுக்காரர் எழுதிவைக்கிறார். அடுத்த முறை செலவு போக 9 இலட்சம் மிஞ்சுகிறது. பழைய நஷ்டத்தைக் கழித்தால் மிகுதி 6, தொழிலாளரின் பாதி 3, ஆறு பங்கில் ஒன்று 50,000 ரூபா. கழிக்காவிட்டால் பாதி நாலரை இலட்சம், ஒரு பங்கு 75,000. ஆனால் இரண்டாவது பிரயாணத்தில், முன்னர் ஓட்டியோடு போன நால்வரில் ஒருவன் சுகவீனமாய்க் கரையில் நின்றுவிட, அவன் இடத்திற் புதியவன் ஒருவன் போயிருக்கிறான். அந்தப் புதியவனுக்குக் கொடுக்கவேண்டியது ஐம்பதினாயிரமா, எழுபத்தையாயிரமா? எழுபத்தையாயிரம் என்றால், குறைகிற இருபத்தையாயிரம் யார் பங்கிலிருந்து வரவேண்டும்: படகுக்காரரிடமிருந்தா, மற்றவர்களிடமிருந்தா, கரையில் நின்றவன் திரும்பி வரும்போது அவனிடமிருந்தா?